களிமண் குழிக்கு இரண்டு கரை

விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டையின் பின்புறம். சுற்றுச்சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடக்கிறது. அதன் வழியே ஒற்றையடிப் பாதை ஒன்று வெளியே போகிறது. பாதையை ஒட்டி ஒரு குவியல். உடைந்த பியூஸ் கட்டை, வாய் கோணிய ஊறுகாய் ஜாடி, கைப்பிடி இல்லாத கோப்பை, தும்பிக்கை ஒடிந்த பிள்ளையார், சூளையில் வெடித்த அகல். வெயில் ஏறுவதற்கு முன்பே கண் கூசுகிறது.

குவியலுக்குக் கீழே ஒரு குழி. எந்தக் காலத்திலோ மண் வெட்டியது. போன ஐப்பசி மழைத் தண்ணீர் அதன் நடுவில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தண்ணீரைச் சுற்றிச் சேறு. சேற்றைச் சுற்றி வெடிப்பு. வெடிப்பு முடிகிற இடத்தில் செம்மண் மேடு தொடங்குகிறது. மேட்டில் புல் பேருக்கு இருக்கிறது. மற்றதெல்லாம் பொடிக்கல். மேட்டின் மறு ஓரத்தில் முந்திரித் தோப்பு.

பதிவேட்டில் இது தரிசு.

சித்திரைக் கடைசி. அக்னி நட்சத்திரம் பிறந்து சில நாள்தான் ஆகிறது. மணிமுத்தாறு வற்றிக் கிடக்கிறது. சுந்தரர் 12,000 பொன்னை இந்த ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது ஊர் அறிந்த கதை. இப்போது ஆற்றில் மணல் இருக்கிறது. மாடுகள் அதில் படுத்திருக்கின்றன. குழியில் தண்ணீர் இருக்கிறது.

சேற்றில் ஒரு பறவை நிற்கிறது.

தலை, தொண்டை, நெஞ்சு கறுப்பு. கண்ணுக்குப் பின்னால் புறப்படும் வெள்ளைப் பட்டை கழுத்தின் பக்கவாட்டில் இறங்கி வயிற்று வெள்ளையோடு சேர்கிறது. முதுகு வெண்கலப் பழுப்பு. அலகு சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சிவந்த சதை மடல். நீண்ட மஞ்சள் கால். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 35 செ.மீ. சிவப்பு மூக்கு ஆள்காட்டி.

நாலு எட்டு வேகமாக வைக்கிறது. நிற்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்க்கிறது. உடம்பு மொத்தத்தையும் முன்னால் கவிழ்த்து ஒரு கொத்து. நிமிர்கிறது. மறுபடி நாலு எட்டு. ஈரம் இருக்கிற இடத்தில் ஒரு காலை ஊன்றி மறு காலால் சேற்றை நடுக்குகிறது. ஏதோ ஒரு பூச்சி இடம் மாறுகிறது. அந்த இடத்தில் அலகு இறங்குகிறது.

மேட்டில் யாரும் இல்லை. பொடிக்கல், காய்ந்த ஆட்டுப் புழுக்கை, எருக்கஞ்செடி ஒன்று. பார்வை ஒரு முறை மேட்டைக் கடந்து போய்விடுகிறது. திரும்பி வரும்போது பொடிக்கல்லில் ஒன்று நகர்கிறது.

இது சிறிது, சுமார் 27 செ.மீ. மண்ணின் நிறமே முதுகின் நிறம். நெஞ்சும் அதே பழுப்பு. அந்தப் பழுப்பு முடிகிற இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. அதன் கீழே வயிறு வெள்ளை. அலகு கறுப்பு. உச்சந்தலையில் கறுப்பு, அதைச் சுற்றி வெள்ளை. வயல் வேலைக்குப் போகிறவர் கறுப்புத் துண்டைத் தலையில் போட்டு வெள்ளை நாடாவால் இறுக்கிக் கட்டியது போன்ற தலை. கண்ணுக்கு முன்னால் தொங்குகிற சதை மடல் எலுமிச்சை மஞ்சள். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி.

இதுவும் நாலு எட்டு வைக்கிறது. நிற்கிறது. தலையைச் சாய்க்கிறது. கவிழ்ந்து ஒரு கொத்து. கறையான், எறும்பு, வண்டு. சேறு இல்லாத இடத்தில் காலை நடுக்க வேண்டிய வேலை இல்லை.

1783-ல் டச்சு மருத்துவர் பீட்டர் பொடார்ட் ஒரே நூலில் இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தார். பிரான்சில் அச்சான பறவைப் படங்களுக்குப் பட்டியல் போடும்போது வைத்த பெயர்கள் அவை. சிவப்புக்கு இந்தியா என்று பேர் விழுந்தது. மஞ்சளுக்கு மலபார் என்று விழுந்தது. இந்தியப் பேர் கொண்டது மேற்கே ஈராக் தொடங்கிக் கிழக்கே மலாய் தீபகற்பம் வரை வாழ்கிறது. மலபார்ப் பேர் கொண்டது இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை.

குழிக்கும் தோப்புக்கும் நடுவே இருநூறு தப்படி. அதற்குள் இரண்டு ஜோடி. ஒரு ஜோடிக்குக் குழிக்கரை. இன்னொரு ஜோடிக்கு மேடு.

காலை எட்டு மணி. தொழிற்பேட்டையில் மண் அரைக்கும் பால் மில் சுற்றத் தொடங்குகிறது. உள்ளே கூழாங்கல் உருளும் சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது. களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் தண்ணீரோடு சேர்ந்து கூழாக அரைபடுகின்றன. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் இங்கிருந்து தூரமில்லை. பண்ருட்டிக் களிமண்ணும் அப்படித்தான். பீங்கான் இந்த ஊருக்கு வந்த காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

கொட்டகைக்குள் பெண்கள் பிளாஸ்டர் அச்சுகளை வரிசையாக வைக்கிறார்கள். மண்கூழை வாய் நிறைய ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கிறது. ஓரத்தில் மண் தோலாகப் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்க்கிறார்கள். அச்சைப் பிரித்தால் கோப்பை. பலகையில் பன்னிரண்டு கோப்பை. பலகையைத் தோளில் தூக்கி வெயிலுக்குக் கொண்டு வருகிறார்கள். மீதித் தண்ணீரை வெயில் எடுக்கிறது. அதற்கும் மிஞ்சியதைச் சூளை எடுக்கிறது. சூளைக்குள் 1,200 டிகிரிக்கு மேல்.

ஒரு பெண் பலகையை இறக்கிவிட்டு, உடைந்த கோப்பைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு இடிந்த சுவர் வழியே வெளியே வருகிறாள்.

சேற்றில் நின்ற சிவப்பு மூக்கு விறைக்கிறது. கழுத்து நீள்கிறது. தலை இரண்டு முறை மேலே குலுங்குகிறது. பிறகு கத்துகிறது. நாலு வெட்டாக விழும் குரல். முதல் வெட்டு ஓங்கி, மற்ற மூன்றும் அவசரமாய். ஜோடி மறுகரையிலிருந்து பதில் போடுகிறது. இரண்டும் எழும்புகின்றன. இறக்கையில் வெள்ளைப் பட்டை விரிகிறது. கால்கள் வாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு வருகின்றன. பெண்ணின் தலைக்கு மேல் ஒன்று சாய்ந்து இறங்குகிறது. கை எட்டும் உயரத்தில் திரும்புகிறது. மறுபடி இறங்குகிறது.

பெண் கூடையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்கிறாள். குவியலின் இடது மூலைக்குப் போகாமல் வலது மூலைக்குப் போகிறாள். கூடையைச் சாய்க்கிறாள். சில்லுகள் சரிகின்றன.

சுவரின் இடிசல் அருகே மூத்தவள் ஒருத்தி நிற்கிறாள்.

"இடப்பக்கம் கொட்டலியே?"

"இல்லக்கா. அதான் கொட்ட உடமாட்டேங்குதே."

மேட்டில் மஞ்சள் மூக்கு கத்தவில்லை. தலையைத் தாழ்த்தி, முதுகைத் தரையோடு ஒட்டி, பத்துத் தப்படி ஓடுகிறது. ஓடிய இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறது. பிறகு ஒரே ஒரு கீச்சு, மெல்லிய, கூர்மையான இரண்டு அசை. கொட்டகைப் பக்கத்திலிருந்து கேட்டால் வண்டியின் பிரேக் சத்தத்தில் அது கரைந்துவிடுகிறது.

வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஆள்காட்டி என்றால் ஆகாது. பதுங்கிப் பதுங்கிப் போய், கொக்கோ முயலோ கைக்கு எட்டும் நேரத்தில் இது ஊரைக் கூட்டுகிறது. குறுந்தொகையில் கணந்துள் என்றொரு நீண்ட கால் பறவை உண்டு. பாலை வழியில் குரல் எழுப்பி, போகிறவர்களை எச்சரிக்கிறது. அது ஆள்காட்டியே என்று கொள்வோர் உண்டு. நாட்டுப்புறப் பாட்டில் ஆக்காட்டி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, இரை தேடப் போன இடத்தில் கண்ணியில் சிக்குகிறது. பஞ்சதந்திரத்தில் கடல் அதன் முட்டைகளைக் கொண்டு போகிறது. பாட்டோ கதையோ, முட்டையையும் குஞ்சையும் விட்டு இந்தப் பறவை தனியாக வருவதில்லை.

குவியலின் இடது மூலை. கிட்டத்தில்.

ஒரு ஜாடியின் அடிப்பாகம் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலப் பள்ளம். ஆழம் ஒரு விரற்கடை. பள்ளத்தைச் சுற்றிப் பீங்கான் சில்லுகள், கருகிய மண்கட்டி, ஆட்டுப் புழுக்கை. உள்ளே நாலு முட்டை. கூரான முனைகள் நாலும் நடுவில் சேர்ந்திருக்கின்றன. பம்பரங்கள் நாலைக் கிடத்தி முனை சேர்த்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவே. ஒவ்வொன்றும் சுமார் 42 மில்லிமீட்டர் நீளம். மங்கிய சாம்பல் பழுப்பு நிறம். அதன்மேல் கறுப்புத் திட்டுகள், திட்டுகளுக்கு நடுவே பொடிப்புள்ளிகள். ஒரு முட்டைக்கு அருகில், கலவை சரியாகப் பிடிக்காமல் புள்ளி விழுந்த ஜாடித் துண்டு ஒன்று கிடக்கிறது. அதன் புள்ளியும் இதன் புள்ளியும் ஒரே அளவு. துண்டைத் தொழிற்சாலை தள்ளுபடி செய்திருக்கிறது.

மேட்டில் மறைவு எதுவும் இல்லை. எருக்கஞ்செடியின் நிழல் எட்டாத வெட்டவெளி. அங்கேயும் ஒரு பள்ளம். அங்கேயும் நாலு முட்டை. சற்றுச் சிறியவை. செம்மண்ணுக்கு ஏற்ற காவி கலந்த பழுப்பு, அதிலும் திட்டுகள். ஒரு முழ தூரத்தில் நின்றால் முட்டை தெரிகிறது. இரண்டு முழம் தள்ளினால் கல்தான் தெரிகிறது.

இரண்டு இனத்திலும் ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார்கின்றன. ஏறக்குறைய 28 நாள்.

பகல் பன்னிரண்டு.

பாதையில் நிழல் இல்லை. பிளாஸ்டர் அச்சுகளை உள்ளே எடுத்துவிட்டார்கள். தார்ச்சாலை இளகுகிறது. சிவப்பு மூக்கு முட்டையின் மேல் உட்காரவில்லை, நிற்கிறது. கால்களைச் சற்று மடக்கி, இறக்கையைத் தளர்த்தி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. நிழல் முட்டைகளின் மேல் சரியாக விழுகிறது. சூரியன் நகர்கிறது. பறவையும் ஓர் எட்டு நகர்கிறது.

முட்டைக்குள் இருக்கும் கரு 40 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது. இந்த வெயிலில் பொடிக்கல் அதைத் தாண்டிச் சுடும். அடைகாப்பது என்றால் மற்றப் பறவைகளுக்குச் சூடு கொடுப்பது. இந்த மாதத்தில் இவற்றுக்கு முட்டையை ஆறவைப்பது.

ஜோடி நடந்து வருகிறது. பறந்து கூட்டுக்கு வருவதில்லை. குவியலைச் சுற்றி, நின்று, கொத்துவதாகப் பாவனை செய்து, மறுபடி நின்று, வருகிறது. நிழல் தந்து நின்றது விலகி நடக்கிறது. போகிற போக்கில் ஒரு சில்லை அலகில் எடுத்துப் பின்பக்கம் வீசுகிறது. இன்னொன்றை எடுத்து வீசுகிறது. பிறகு தண்ணீருக்கு இறங்குகிறது. பதினைந்து தப்படி.

தண்ணீரில் வயிறு முட்டும்வரை உட்காருகிறது. இறகைச் சிலிர்த்து உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. குளியல் இல்லை, தலையும் முதுகும் நனையவில்லை. வயிற்றிறகு மட்டும் தண்ணீரை ஏற்றுக்கொள்கிறது. எழுகிறது. சொட்டச் சொட்ட நடந்து கூட்டுக்குப் போகிறது. நனைந்த வயிற்றை முட்டைகளின் மேல் வைக்கிறது. முட்டையின் நிறம் ஒரு கணம் அடர்கிறது.

மேட்டின் பறவைக்கும் அதே வேலை தெரியும். தண்ணீர்தான் பக்கத்தில் இல்லை.

மஞ்சள் மூக்கு அலகைத் திறந்து வைத்திருக்கிறது. தொண்டை துடிக்கிறது. ஜோடி வந்ததும் எழுந்து பத்துத் தப்படி நடக்கிறது. பிறகே பறக்கிறது. தாழ்வாக, வெடிப்பு நிலத்தைக் கடந்து, குழியின் தென்கரையில் இறங்குகிறது.

சிவப்பு மூக்கு பார்த்துவிடுகிறது. தலை குனிந்து, கழுத்தை முன்னால் நீட்டி ஓடி வருகிறது. மஞ்சள் மூக்கு எழும்புகிறது. ஒரு வட்டம். வடகரையில் இறங்குகிறது. சிவப்பின் ஜோடி அங்கிருந்து ஓடி வருகிறது. மறுபடி எழும்புகிறது. இந்த முறை வட்டம் பெரியது. தோப்பு வரை போய்த் திரும்புகிறது.

குழியின் கிழக்கு ஓரத்தில் தகரம் ஒன்று நட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர். மஞ்சள் மூக்கு அங்கே இறங்குகிறது. தகரத்துக்கு இந்தப் பக்கம் சிவப்பு மூக்கு நாலு எட்டு வைத்து நிற்கிறது. தகரத்தைப் பார்க்கிறது. மஞ்சள் மூக்கு அவசரமாக உட்காருகிறது, ஆடுகிறது, எழுகிறது.

திரும்பும் வழி வெயில் வழி. செம்மண்ணில் சொட்டுகள் வரிசையாக விழுகின்றன. முதல் சொட்டு விழுந்த இடம் கடைசிச் சொட்டு விழுவதற்குள் காய்ந்துவிடுகிறது. கூட்டுக்கு இருபது தப்படி முன்பாகவே இறங்கி மிச்சத்தை நடக்கிறது. உட்காரும்போது வயிற்றில் ஈரம் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு மணிக்கு மறுபடி. ஒன்றரைக்கு மறுபடி. இரண்டேகாலுக்கு மறுபடி.

சிவப்பு மூக்கு ஒவ்வொரு முறையும் துரத்துகிறது. மஞ்சள் மூக்கு ஒவ்வொரு முறையும் தகரத்துக்குப் பின்னால் இறங்குகிறது.

மாலையில் ஆடு மேய்க்கும் பையன் வருகிறான். இருபது வெள்ளாடு. காலில் செருப்பு, தலையில் ஈரத் துண்டு. ஆடுகள் மேட்டில் பரவுகின்றன. ஒரு கிடாய் எருக்கஞ்செடியை மோந்துவிட்டு நகர்கிறது. அதன் முன்னங்கால் மஞ்சள் மூக்கின் பள்ளத்துக்கு ஒரு சாண் தள்ளி ஊன்றுகிறது.

பறவை எழுந்து ஓடவில்லை. ஆட்டின் முகத்துக்கு நேரே இறக்கையை விரிக்கிறது. பிடரி இறகு சிலிர்க்கிறது. கிடாய் நிற்கிறது. அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சுற்றிக்கொண்டு போகிறது.

நாய் வந்தபோது அது வேறு விதம். நாய் மேட்டில் ஏறுவதற்கு முன்பே பறவை கூட்டை விட்டு ஓடிவிடுகிறது. முப்பது தப்படி தள்ளி, முட்டை இல்லாத வெறுந்தரையில் ஆற அமர உட்காருகிறது. வயிற்று இறகைச் சரிசெய்கிறது. நாய் அங்கே போகிறது. பறவை எழுந்து இன்னும் முப்பது தப்படி தள்ளி உட்காருகிறது. நாய் அங்கேயும் போகிறது. தோப்பு வரை இப்படியே போகிறது. தோப்பில் நாய்க்கு வேறு வாசனை கிடைக்கிறது.

குழிக்கரையில் அந்த நாய்க்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு சிவப்பு மூக்குகளும் அதன் காதுக்கு மேல் மாறி மாறி விழுகின்றன. நாய் தண்ணீர் குடிக்காமல் திரும்புகிறது.

இரவு. விருத்தாசலம் சந்திப்பில் கடலூர்ப் பாதையும் சேலம் பாதையும் திருச்சிப் பாதையும் விழுப்புரம் பாதையும் சேர்கின்றன. வண்டிகள் இரவிலும் நிற்பதில்லை. நிலவு இருக்கிற இரவில் சிவப்பு மூக்கும் தூங்குவதில்லை. தண்டவாளத்துக்கு மேலே நாலு வெட்டுக் குரல் கடந்து போகிறது. நடைமேடையில் படுத்திருப்பவர் ஒருவர் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறார்.

வைகாசி பிறக்கிறது. ஒரு காலையில் மேட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள். ஒருவர் கையில் அளவு நாடா. ஒருவர் கையில் சுண்ணாம்புப் பொடி வாளி. இரண்டு பேர் தோளில் கடப்பாரை. சாலையோரம் வேனில் கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயிண்ட், அதன்மேல் சிவப்பில் எண்.

"சார், மூலக்கல்ல எங்க நடறது?"

"எருக்கஞ்செடிக்கு அந்தாண்ட நாலு அடி தள்ளி நடுப்பா."

சுண்ணாம்புக் கோடு செம்மண்ணில் நீள்கிறது. மஞ்சள் மூக்கு குனிந்து ஓடிப்போய் வெறுந்தரையில் உட்காருகிறது. யாரும் அதன் பின்னால் போகவில்லை. எழுந்து இன்னொரு இடத்தில் உட்காருகிறது. யாரும் பார்க்கவில்லை. நாயிடம் பலித்தது நாடாவிடம் பலிக்கவில்லை. கடைசியில் திரும்பி வந்து, கடப்பாரை விழும் இடத்துக்கு ஐந்து தப்படி தள்ளி நின்று, அந்த மெல்லிய கீச்சை விடாமல் போடுகிறது.

சுண்ணாம்பு போடுகிறவர் நிற்கிறார். குனிகிறார். தரையை உற்றுப் பார்க்கிறார். வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கோட்டை அந்த இடத்தில் விட்டுவிட்டு, ஒரு முழம் தள்ளித் தொடர்கிறார். நாடா பிடித்தவர் மறுமுனையில் இருக்கிறார். கோடு ஓரிடத்தில் அறுந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை.

மதியம் சாலையோரத்தில் பலகை ஏறுகிறது. மனைகள் விற்பனைக்கு. ஒரு தென்னை மரம், ஒரு கார், சிரிக்கும் ஒரு குடும்பம்.

மறுநாள் காக்கை ஒன்று நட்ட கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேட்டில் காக்கை உட்காருவதற்கு இதுவரை உயரமான இடம் இருந்ததில்லை. அங்கிருந்து மேடு முழுக்கத் தெரிகிறது. மஞ்சள் மூக்கு தண்ணீருக்குப் போகும் நேரமும் ஜோடி நடந்து வரும் நேரமும் ஒன்றையொன்று தொடுவதற்கு முன் ஓர் இடைவெளி விழுகிறது. காக்கைக்கு அது போதும். நாலு முட்டை மூன்றாகிறது.

அதே வாரம் குழிக்கரைக்கு டிப்பர் லாரி வருகிறது. குவியலை அள்ளிக் குழியில் கொட்ட வேண்டும். மேட்டோடு மட்டமாக்க வேண்டும். பொக்லைன் இடது மூலையில் தொடங்குகிறது. சிவப்பு மூக்குகள் கத்துகின்றன. பொக்லைனின் கண்ணாடி வரை வந்து திரும்புகின்றன. உள்ளே இருப்பவர் காதில் செல்போன் பாட்டு. இரும்புக் கை இறங்குகிறது. உடைந்த ஜாடிகளும் பிள்ளையார்களும் புள்ளி விழுந்த துண்டுகளும் ஒரே அள்ளலில் எழும்புகின்றன. எது முட்டை, எது பீங்கான் என்று பிரித்தறிய நேரமில்லை.

மாலை வரை இரண்டு பறவைகளும் அதே இடத்துக்கு மேலே சுற்றுகின்றன. அந்த இடத்தில் இப்போது பொக்லைனின் சக்கரத் தடம் இருக்கிறது. ஒன்று இறங்கித் தடத்தில் நிற்கிறது. நாலு எட்டு வைக்கிறது. நிற்கிறது.

மேட்டில் மூன்று முட்டையும் பொரிகின்றன. குஞ்சுக்குப் பஞ்சு உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத நீண்ட கால். ஈரம் காய்ந்ததும் எழுந்து நிற்கிறது. சில மணி நேரத்தில் நடக்கிறது. ஊட்டிவிடுவது இந்த இனத்தில் வழக்கமில்லை; முதல் நாளே தன் எறும்பைத் தானே கொத்துகிறது. தாய் கீச்சிட்டால் இருந்த இடத்தில் படுத்துவிடுகிறது. படுத்தால் கல்.

வெயில் இறங்கிய நேரத்தில் தாயும் தகப்பனும் மூன்று குஞ்சும் கிளம்புகின்றன. ஏழாம் எண் மனை, எட்டாம் எண் மனை, சாலைக்கு விட்ட இருபத்து மூன்று அடி. சுண்ணாம்புக் கோட்டில் ஒரு குஞ்சு தயங்குகிறது. வெள்ளையை ஒரு முறை கொத்திப் பார்க்கிறது. தாண்டுகிறது. முந்திரித் தோப்பின் ஓரத்துக்குள் ஐந்தும் போய்விடுகின்றன.

சிவப்பு மூக்கு ஜோடி ஊரை விட்டுப் போகவில்லை. இரண்டு வாரத்தில் தொழிற்பேட்டைக்குள்ளேயே வந்துவிடுகிறது. மெருகு பூசும் கட்டிடத்தின் தட்டைக் கூரை. கூரையில் தளம் போட்டபோது மிஞ்சிய ஜல்லி மூலையில் கிடக்கிறது. அதில் ஒரு பள்ளம். மூன்று முட்டை. பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. மோட்டாரை நிறுத்த மறக்கும் நாளெல்லாம் வழிந்து தேங்குகிறது. வயிறு நனைக்க ஆறு தப்படி.

இந்த இனம் மாடிக் கூரைகளிலும் ரயில் தண்டவாளத்து ஜல்லியிலும் முட்டையிடுவதைப் பறவை பார்ப்பவர்கள் இந்தியாவின் பல ஊர்களில் பதிவு செய்திருக்கிறார்கள். வயல், ஏரிக்கரை, கால்வாய் ஓரம், விளையாட்டுத் திடல், கூரை. கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் வெட்டவெளியும் கிடைத்தால் அதற்குப் போதும். மஞ்சள் மூக்கு கூரைக்கு வருவதில்லை. அதற்குக் காய்ந்த, திறந்த, யாரும் ஒன்றும் விதைக்காத தரை வேண்டும். அப்படிப்பட்ட தரை முதலில் விலைக்குப் போகிறது.

தொட்டி வால்வைத் திருகக் கூரைக்கு ஏறும் தொழிலாளி இப்போது பிரம்புக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறுகிறார். வால்வைத் திருகுகிறார். கூடையின் மேல் இறக்கை உரசும் சத்தம் கேட்கிறது. கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"என்ன மாமா, இன்னம் பொரிக்கலியா?"

"பொரிச்சா நீ வந்து இறக்கி உடுறா தம்பி."

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஆள்காட்டி முட்டை வைத்த உயரத்தைப் பார்த்து மழை சொல்கிறார்கள். மேட்டில் வைத்தால் நல்ல மழை என்பது அவர்கள் கணக்கு. இங்கே கூரையில் வைத்திருக்கிறது. ஆனியில் இரண்டு மழை பெய்கிறது. குழியில் கொட்டிய பீங்கானுக்கு நடுவே தண்ணீர் மறுபடி எட்டிப் பார்க்கிறது. மனைக்கற்களின் அடியில் புல் முளைக்கிறது.

ஆடி. முந்திரித் தோப்பைத் தாண்டி, மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திசையில், மானாவாரி நிலங்கள். இந்த நிலையத்தில் வளர்த்தெடுத்த முந்திரியும் நிலக்கடலையும் வி.ஆர்.ஐ. என்ற அடையாளத்தோடு வெளியூர்களுக்குப் போகின்றன. சுற்றுவட்டாரத்தில் கடலை விதைப்புக்கு நிலம் தயாராகிறது. டிராக்டர் ஒன்று செம்மண்ணைப் புரட்டிக்கொண்டு போகிறது. பின்னால் மைனாக்கள், உண்ணிக்கொக்குகள்.

உழாத பாதி நிலத்தில் மஞ்சள் மூக்குகள். இரண்டு அல்ல, பதினொன்று. முட்டைக்காலம் முடிந்ததும் ஜோடிகள் கூட்டமாகிவிடுகின்றன. அவற்றில் மூன்றின் தலைக் கறுப்பு இன்னும் முழுதாக ஏறவில்லை; பழுப்பு கலந்திருக்கிறது. சதை மடல் சிறியது. மழை வலுத்து நிலம் பசுமையானால் இவை காய்ந்த இடம் தேடி நகரும். எவ்வளவு தூரம் என்பதை மழை தீர்மானிக்கும்.

டிராக்டர் திரும்பி வருகிறது. உண்ணிக்கொக்குகள் விலகவில்லை. மஞ்சள் மூக்குகள் தலையைத் தாழ்த்தி ஒரே திசையில் ஓடுகின்றன. நிற்கின்றன. டிராக்டர் கடந்து போகிறது. புதுச் சாலில் வெள்ளை வேர்ப்புழுக்கள் நெளிகின்றன. கடலைச் செடியின் வேரைத் தின்னும் புழுக்கள். முதலில் ஓர் இளம்பறவை சாலுக்குள் இறங்குகிறது. நாலு எட்டு வைத்து, தலையைச் சாய்த்து, கவிழ்ந்து ஒரு கொத்து. புழு பெரியது. இரண்டு முறை உதறி விழுங்குகிறது. மற்றவையும் இறங்குகின்றன.